புல்லுக்கு அடியில் இருப்பதுதான் கூரை: நார்வே மலைவீட்டில் ஒழுகலைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: நாங்கள் ஆஸ்லோவில் வசிக்கிறோம். குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில், 1950களில் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய ஒரு மலைவீட்டைக் கடந்த ஆண்டு வாங்கினோம். கூரை முழுவதும் புல். இந்த ஆண்டு புகைபோக்கியை ஒட்டியும், சுவரும் கூரையும் சேரும் ஓரத்திலும் உட்புறப் பலகைகளில் நீர்க்கறை தெரிகிறது. பார்க்க வந்த தச்சர், மண்ணையும் புல்லையும் அகற்றிவிட்டு உலோகத் தகடு போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்கிறார். புல்கூரையை இழக்க எங்களுக்கு மனமில்லை. மண் இருப்பதால்தான் வீடு கதகதப்பாக இருக்கிறது என்றும் அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உலோகத் தகடு பற்றிய முடிவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் குறிப்பிடும் இரண்டு இடங்களும் புல்கூரையில் வழக்கமாகப் பழுதாகும் இடங்கள். கூரை முழுவதும் கெட்டுவிட்டது என்பதற்கு அவை சான்றாகா. ஓரத்தையும் புகைபோக்கியின் சுற்றுப்புறத்தையும் மட்டும் திறந்து பார்த்துச் சரிசெய்தாலே பெரும்பாலான வீடுகளில் ஒழுகல் நின்றுவிடும். ஆனால் எதைத் திறக்கிறோம், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கைவைக்க வேண்டும்.

நார்வேயின் புல்கூரையில் மழையைத் தடுப்பது புல்லோ மண்ணோ அன்று. அவற்றுக்கு அடியில் இருக்கும் பிர்ச் மரப்பட்டைதான். கோடையின் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஏறும் பருவத்தில், உள்ளே வளரும் அடுக்கைக் காயப்படுத்தாமல் மேல்பட்டையை மட்டும் உரித்தெடுத்து, சுருண்டுவிடாதபடி பாரம் ஏற்றி அடுக்கி வைப்பார்கள். பின்னர் பலகைத் தளத்தின் மீது இறவாரத்திலிருந்து முகடுவரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்புவார்கள். ஒரு தலைமுறைக்கு நிற்க வேண்டுமானால் குறைந்தது 6 அடுக்கு என்பது பழைய கணக்கு. வசதியுள்ள பண்ணைகளில் அதைவிடக் கூடுதலாகவும் போட்டார்கள். நீரைக் கிஞ்சித்தும் உள்ளே விடாத இந்தப் பட்டைக்கு இரண்டு குறைகள் உண்டு: வெயில் பட்டால் கெட்டுவிடும், பாரம் இல்லையென்றால் சுருண்டு எழும்பிவிடும். அந்த இரண்டு குறைகளையும் தீர்க்கவே அதன்மேல் புற்பாளங்கள் ஏற்றப்பட்டன. அடர்ந்த வேருள்ள மேய்ச்சல் நிலத்திலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய பாளங்களை, கீழடுக்கில் புல் கீழ்நோக்கி இருக்கும்படியும் அதன்மேல் வரும் அடுக்கில் புல் மேல்நோக்கி இருக்கும்படியும் வைப்பது மரபு. கீழடுக்கின் காய்ந்த புல், மண்ணின் அமிலம் பட்டையைத் தொடாமல் காக்கிறது. பட்டை விரித்த அன்றே மூடியாக வேண்டும் என்பதால் ஊரார் கூடி ஒரே நாளில் முடிக்கும் கூட்டு வேலையாக இது நடந்தது. மரமே அரிதான ஃபரோ தீவுகளுக்கும் இந்தப் பட்டை நார்வேயிலிருந்து கப்பலில் போனது.

ஐஸ்லாந்தின் கிளவும்பைர் போன்ற இடங்களில் உள்ள மண்வீடுகளின் காணொளிகளைப் பார்த்து அதே முறையைப் பின்பற்ற நினைக்க வேண்டாம். அங்கே சுவரே புற்பாளங்களால் ஆனது. கூரையில் பட்டை கிடையாது. சரிவின் அளவைக் கொண்டே மழையைச் சமாளிக்கும் அந்த முறை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இனி, பாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உங்கள் தச்சரின் யோசனையில் விடுபட்டிருப்பது இதுதான். 15 சென்டிமீட்டர் கனமுள்ள ஈரப் புல்மண் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ இருக்கும். கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 15 டன் எடை உங்கள் சுவர்களின் மீது உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் பனியின் எடை வேறு சேரும். கிடைமட்டமாக அடுக்கிய மரத்தடிகளின் இடைவெளிகள் நெருங்கி நிற்பதற்கும், காற்று உள்ளே புகாமல் இருப்பதற்கும் இந்த அழுத்தம் துணைசெய்கிறது. அத்தனை எடையையும் எடுத்துவிட்டு ஒரு மெல்லிய தகட்டை வைத்தால், பலத்த காற்றில் கூரையே மேலெழும்பாதபடி கைமரங்களைச் சுவரோடு புதிதாகப் பிணைக்க வேண்டியிருக்கும். தகடு போடுவது எளிய வேலை போலத் தோன்றலாம். அதன் பின்விளைவுகள் எளியவை அல்ல.

மண்தான் வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது என்ற கூற்றில் பாதிதான் உண்மை. காற்றைத் தடுப்பதாலும், வெப்பநிலை சட்டென்று மாறாமல் தணிப்பதாலும் அது உதவுகிறது. ஆனால் ஈர மண், கல் அல்லது கண்ணாடி இழைகளாலான வெப்பக்காப்புப் பொருளான கனிமக் கம்பளியைவிடச் சுமார் 30 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த 15 சென்டிமீட்டர் மண் அரை சென்டிமீட்டர் கம்பளிக்குத்தான் ஈடாகும். வெப்பக்காப்பை உள்ளே தனியாகத்தான் அமைக்க வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு முன் அந்த வீட்டை வைத்திருந்தவர் யாராவது கைமரங்களுக்கு இடையே கம்பளியைத் திணித்துவிட்டு, அதற்கும் மேல்பலகைக்கும் நடுவே காற்றோட்ட இடைவெளி விடாமல் மூடியிருந்தால், நீங்கள் காணும் கறை மழைநீரால் வந்ததாகவே இல்லாமல் இருக்கலாம். வார இறுதியில் சென்று அடுப்பை மூட்டி, சமைத்து, ஈர உடைகளை உலர்த்தும்போது எழும் நீராவி மேலே போய்க் குளிர்ந்த பலகையில் படிந்து சொட்டும். ஆகவே கறை எப்போது நனைகிறது என்று தேதியோடு குறித்துவையுங்கள். தொடர்மழைக்குப் பின் நனைந்தால் நீர்த்தடுப்பு அடுக்கில் ஓட்டை இருக்கிறது. பனி உருகும் நாட்களில் ஓரத்தில் மட்டும் நனைந்தால் இறவாரத்தில் நீர் தேங்குகிறது. கடுங்குளிரில், மழையே இல்லாதபோது, வீட்டைச் சூடாக்கிய மறுநாள் நனைந்தால் அது உள்ளிருந்து எழுந்த நீராவி; அதற்குப் புல்லைத் தொடவே தேவையில்லை, காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும்.

ஓரத்துக் கறையை ஆராய, இறவாரத்தின் நெடுகிலும் படுத்திருக்கும் தடியைப் பாருங்கள். மேலிருந்து மண் சரியாமல் தாங்கிப்பிடிப்பது அதுதான். பழைய வீடுகளில் அதைப் பிடித்திருப்பவை இயற்கையாகவே வளைந்த ஜூனிபர் மரக்கொக்கிகள். ஆண்டு முழுவதும் ஈரத்தில் கிடப்பதால் கூரையில் முதலில் உளுத்துப்போவது இந்தத் தடியே. ஒரு திருப்புளியை அதில் அழுத்துங்கள். விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது தடிக்கு அடியில் நீர் வெளியேற விடப்பட்ட இடுக்குகளை. தடிக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்குப் புற்பாளத்தைக் கத்தியால் அறுத்துத் தூக்கினால், மேலே வெளுத்த புல்வேர், அதன் கீழே கறுத்த குழம்பு மண், அதற்கும் கீழே பட்டை என்று அடுக்கடுக்காகத் தெரியும். அந்தக் குழம்பு மண் இடுக்குகளை அடைத்துக்கொண்டால் தடியே அணையாக மாறி, தேங்கிய நீர் ஏதேனும் ஓர் ஆணித்துளை வழியாக உள்ளே இறங்கும். இடுக்குகளைத் துப்புரவாக்கி, தடியை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்திச் சிறு கட்டைகள்மேல் நிறுத்தி, அதன் பின்னால் சரளைக்கல் நிரப்பினால் நீர் தடையின்றி ஓடும். கையோடு பட்டையின் நிலையையும் சோதித்துவிடுங்கள்: நல்ல பட்டை தோலைப்போல் வளையும், கெட்டது விரலிடையே உதிரும். 1950களில் கட்டிய வீடு என்பதால் பட்டைக்குப் பதிலாகத் தார்த்தாள் இருந்தாலும் வியப்பில்லை. அது விறைத்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

புகைபோக்கியைப் பொறுத்தவரை, மண் ஆண்டுதோறும் மேலிருந்து சரிந்து அதன் பின்புறத்தில் குவிவதுதான் வழக்கமான காரணம். செங்கல்லை ஒட்டி மேலே மடித்த உலோகத் தகடு, புல்லின் மட்டத்துக்கு மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் தெரிய வேண்டும். அதை மண் மூடியிருந்தால் அந்த மண்ணை அகற்றிவிட்டு, புகைபோக்கியைச் சுற்றிலும் சரளைக்கல்லை ஒரு வளையமாக நிரப்புங்கள். தீப்பொறி காய்ந்த புல்லில் விழாமல் இருக்கவும் அது உதவும்.

சோதித்த இடங்களில் எல்லாம் பட்டை உதிர்கிறது என்றால் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்வதைத் தவிர வழியில்லை. அப்போதும் புல்லை இழக்க வேண்டியதில்லை. இன்று நார்வேயில் வழக்கத்திலுள்ள முறை, பலகைத் தளத்தின்மேல் தார் கலந்த நீர்த்தடுப்புத் தாளை ஒட்டி, அதன்மேல் புடைப்புகளுள்ள பாலிஎத்திலின் விரிப்பை அந்தப் புடைப்புகள் கீழ்நோக்கி அமையும்படி பரப்பி, அதை முகட்டுக்கு அருகில் மட்டும் ஆணியடித்து, பிறகு புற்பாளங்களை ஏற்றுவது. பழைய பாளங்களையே மீண்டும் பயன்படுத்தலாம். புல்லோடு புல் சேர அடுக்கி, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் இரு சரிவுகளிலும் எடை சமமாக இருப்பது கட்டாயம். ஒரு பக்கத்தை முழுக்க ஒழித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால், பழைய கைமரங்கள் ஒருசாய்வான பாரத்தில் முறுக்கிக்கொள்ளும். சரிவு 27 பாகைக்கு மேல் இருந்தால் விரிப்பின் மீது மண் வழுக்காதிருக்க வலையோ குறுக்குச் சட்டங்களோ வேண்டும்.

எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் நகராட்சியிடம் அந்தப் பகுதியின் கட்டடத் திட்ட விதிகளைக் கேட்டு வாங்குங்கள். மலைவீட்டுப் பகுதிகள் பலவற்றில் கூரை புல்லாகவோ, பலகைக் கல்லாகவோ, மரமாகவோதான் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியானால் தகடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பராமரிப்பு பெரிய வேலையன்று. கோடைதோறும் ஒருமுறை கூரையைப் பார்வையிட்டு, முளைத்திருக்கும் பிர்ச், ஊசியிலை மரக் கன்றுகளை வேரோடு பிடுங்கிவிடுங்கள். முதலாண்டில் இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய கன்று, நான்காம் ஆண்டில் நீர்த்தடுப்பைத் துளைத்திருக்கும். தெற்குச் சரிவு வறட்சியில் மொட்டையாகும் இடங்களில் மெல்லிய பாளங்களைப் பதியுங்கள், அல்லது வறட்சி தாங்கும் சதைப்பற்றுச் செடிகளை நடுங்கள். பாசி இருப்பதால் மட்டும் கேடில்லை. இந்தக் கூரையிலிருந்து வழியும் நீர் மட்கிய மண்ணின் பழுப்பு கலந்தது, குடிக்கச் சேமிக்காதீர்கள்.

புதிதாக வைக்கும் பாளங்கள் உறைபனிக்கு முன் வேர்பிடிக்க வேண்டும் என்பதால், ஓரத்துத் தடியையும் புகைபோக்கியையும் ஆகஸ்ட் மாதத்துக்குள் சரிசெய்துவிட்டு, அடுத்த பனி உருகும் காலம்வரை கறைக் குறிப்புகளைத் தொடருங்கள். அதற்குப் பிறகும் ஈரம் தெரிந்தால், முழுக் கூரையையும் பிரிப்பதா என்று மரக்கட்டட மராமத்தில் தேர்ந்த தச்சர் ஒருவரை அழைத்து முடிவு செய்யலாம்.