சைரனுக்கு முன் இன்ஜின்: கார் அலாரம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், என்னுடையது 2004 மாடல் சான்ட்ரோ, மேனுவல் கியர். சாவியில் சிப் இல்லை என்று சாவி போடுபவர் சொன்னார். இப்போது அலாரம் போடலாம் என்று இருக்கிறேன். கடையில் இரண்டு செட் காட்டுகிறார்கள். ஒன்று மலிவு, மற்றது அதைப்போல மூன்று மடங்கு விலை. சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

பதில்: சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுராத்திரியில் கார் கத்தினால் யாரும் எழுந்து வந்து பார்ப்பதில்லை. திருடனைத் தடுப்பது இன்ஜினை ஓடவிடாத ஏற்பாடுதான். அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத கருவி) கிடையாது. அந்தக் குறை வெளியே தெரிந்ததும் திருட்டு எக்கச்சக்கமாக ஏறியது. கனடாவில் 2007 முதலே இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அதே கம்பெனிகளின் கார்கள் அங்கே தப்பின. உங்கள் சாவியில் சிப் இல்லாததால் அந்தப் பாதுகாப்பை நீங்களே சேர்க்க வேண்டும்.

கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, ரிமோட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணைப் படியுங்கள். பிடி2262, இவி1527 என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடுதான் போகும். அதை ஒருமுறை பிடித்து வைத்துக்கொண்டால் யாரும் திறக்கலாம். எச்சிஎஸ்300, எச்சிஎஸ்301 போன்றவை ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டை மாற்றும் ரோலிங் கோட் வகை. திறந்து காட்ட மறுத்தால், டூப்ளிகேட் ரிமோட் போடுபவரிடம் கொடுத்துப் பாருங்கள். சாதாரண காப்பி ரிமோட்டில் நகல் எடுக்க முடிந்தால் அந்த செட் வேண்டாம்.

இரண்டாவது, இன்ஜின் கட் ரிலேவுக்கு (இன்ஜினுக்குப் போகும் கரண்ட்டைத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) தனி வயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் ஸ்டார்ட்டரை மட்டும் கட் செய்து விட்டுவிடுவார்கள். மேனுவல் கியர் வண்டியை இரண்டு பேர் தள்ளியே ஸ்டார்ட் செய்துவிடலாம், அதனால் உங்களுக்கு அது போதாது. ஃப்யூல் பம்ப் ரிலேயின் காயில் (ரிலேவை இழுக்கும் கம்பிச் சுருள்) வயரிலும் ஒரு கட் கொடுங்கள். காயிலில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட், எனவே மறைத்து வைக்க ஒரு சின்ன சுவிட்ச்சே போதும். மெயின் பம்ப் வயரை வெட்டி அதில் சுவிட்ச் போடுவதை அனுமதிக்காதீர்கள். சூடேறி உருகும், பாதி வழியில் வண்டி நின்றும் போகும்.

கேள்வி: அந்த இன்ஜின் கட் ரிலேவில் ஸ்டார்ட்டர் வயரை எலக்ட்ரீஷியன் 87 என்ற எண் முனையில் போடுவேன் என்கிறார், இன்னொருவர் 87ஏ-வில்தான் போட வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேலை செய்யும், பழுதானால்தான் வித்தியாசம் தெரியும். 87ஏ என்பது ரிலேவுக்குக் கரண்ட் இல்லாதபோது சேர்ந்தே இருக்கும் முனை. பொது முனையான 30-ஐ சாவி பக்க வயரிலும் 87ஏ-வை ஸ்டார்ட்டர் பக்க வயரிலும் கொடுத்தால், அலாரம் லாக்கில் இருக்கும்போது சாவி திருப்பினால் மட்டும் ரிலே இழுத்து இணைப்பைப் பிரிக்கும். அலாரம் பாக்ஸ் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். 87 என்பது ரிலேவுக்குக் கரண்ட் வந்தால் மட்டும் சேரும் முனை, அதில் போட்டால் அலாரம் உயிரோடு இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். திருடன் பாக்ஸைப் பிடுங்கி எறிந்தாலும் பயனில்லை. ஆனால் ரிலே பழுதானால் நீங்களும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். குடும்பத்தோடு வெளியூர் போகும் வண்டிக்கு 87ஏ வையுங்கள். பாதுகாப்பை அந்த மறைவு சுவிட்ச் கூட்டிக் கொடுக்கும்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாரத்தில் மூன்று ராத்திரி என் கார் தானாகக் கத்துகிறது. செகரட்டரி வந்து சண்டை போட்டுவிட்டார். அலாரத்தையே கழற்றிவிடட்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம். காரணத்தைப் பிரித்துக் கண்டுபிடிக்கலாம், இரண்டு ராத்திரி ஆகும்.

முதல் வேலை, அது கத்தியபின் காலையில் அன்லாக் செய்யும்போது டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு எல்இடி எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணுங்கள். பல செட்களில் ஒவ்வோர் எண்ணிக்கையும் ஒரு பகுதியைச் சொல்லும்: ஷாக் சென்சார் (அதிர்வை உணரும் கருவி), கதவு, பானட் என்று. உங்கள் செட்டின் காகிதத்தில் அந்த அட்டவணை இருக்கும்.

அட்டவணை இல்லையென்றால் ஷாக் சென்சாரின் கப்ளரை உருவிவிட்டு இரண்டு ராத்திரி விடுங்கள். கத்தல் நின்றால் சென்சார்தான் காரணம். இங்கே பெரும்பாலும் தப்பு, அதை ஒட்டிய இடத்தில் இருக்கும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் மேல் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பிளாஸ்டிக் அதிர்வைச் சரியாகக் கடத்தாது. கண்ணாடியைத் தட்டினால் அலாரம் அடிக்கவில்லை என்று சென்சிட்டிவிட்டியை முழுக்க ஏற்றிவைப்பார்கள். பிறகு லாரி போனாலும் கத்தும், பக்கத்து வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினாலும் கத்தும். சென்சாரைக் கழற்றி ஸ்டீயரிங் காலம் பிராக்கெட் போன்ற இரும்புப் பகுதியில் ஸ்க்ரூ வைத்து இறுக்குங்கள். பிறகு திருகியை முழுக்கக் குறைத்து, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். முன் கண்ணாடியின் ஓரத்தூணில் உள்ளங்கையால் நன்றாக ஓர் அடி அடித்தால் அலாரம் அடிக்க வேண்டும், விரலால் தட்டினால் அடிக்கக் கூடாது. அந்த அளவில் நிறுத்துங்கள்.

உருவியும் கத்தினால் கதவு, டிக்கி, பானட் சுவிட்ச்களைப் பாருங்கள். கடையில் புதிதாக அடித்த பானட் சுவிட்ச் மழைநீர் பட்டுத் துருப்பிடிப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். துரு வழியாகக் கசியும் கரண்ட்டை அலாரம் பானட் திறந்ததாக எடுத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் ஓம் நிலையில் வைத்து, பானட்டை மூடிய நிலையில் சுவிட்ச்சுக்கும் பாடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஏதாவது எண் காட்டினால் மாற்றிவிடுங்கள், ரப்பர் தொப்பி உள்ளதை வாங்குங்கள்.

இன்னும் சில காரணங்கள். பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே தங்கினால் சில செட்கள் குழம்பும். வோல்ட்டேஜ் குறைவதை உணரும் பழைய வகை என்றால், வண்டி நிறுத்தியபின் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது கத்தும். அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தால் கண்ணாடி சற்று இறங்கியிருந்தாலோ, முன்னால் தொங்கும் பொம்மை ஆடினாலோ போதும். கடைசியாக எலி. பானட்டுக்குள் வயர் கடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தீபாவளி வாரத்தில் ஷாக் சென்சாரை மட்டும் ரிமோட்டிலேயே அணைத்துவையுங்கள். கதவுக்கும் இன்ஜினுக்கும் காவல் அப்படியே இருக்கும்.

கேள்வி: புதிதாக எடுத்த கார், புஷ் பட்டன் ஸ்டார்ட். வெளியே அலாரம் போட்டால் வாரன்டி போய்விடும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: வயரை வெட்டினால் அந்த மின்சாரப் பகுதிக்கு வாரன்டி மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், புது வண்டிகளில் கதவு, லைட், லாக் எல்லாம் கேன் பஸ் என்ற இரட்டை வயரில் பேசிக்கொள்கின்றன. பழைய பாணியில் நடுவில் வெட்டி ஒட்டினால் மீட்டரில் எரர் லைட் வரும்.

புதுக் காரில் ஏற்கெனவே இம்மொபிலைசர் இருக்கும். அலாரமும் இருக்கலாம், ஆனால் பல மாடல்களில் அது கதவு, பானட், டிக்கி திறந்தால் மட்டும் அடிக்கும். கண்ணாடியை உடைத்து உள்ளே கை விட்டால் பேசாமல் இருக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: டிரைவர் கண்ணாடியை இறக்கி, வெளியே நின்று ரிமோட்டில் லாக் செய்து, ஒரு நிமிடம் பொறுத்து, கையை உள்ளே விட்டு சீட்டில் இருக்கும் பொருளை எடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் அந்த இடைவெளி உங்கள் காரிலும் இருக்கிறது.

அதை அடைக்க, உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் வகை செட்டை, முடிந்தால் ஷோரூம் வழியாகவே, பில்லோடு போடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டையும் (மெக்கானிக் சோதனைக் கருவி செருகும் இடம்) கவனியுங்கள். கண்ணாடியை உடைத்து நுழைபவர்கள் அதில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவு செய்கிறார்கள். அதற்குப் பூட்டு கிடைக்கிறது. கூடவே நல்ல கியர் லாக் ஒன்றும் போடுங்கள். எந்த லேப்டாப்பாலும் அதைத் திறக்க முடியாது.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்திலை இருந்து கேக்கிறன். எங்கடை டொயோட்டா அக்குவா, ஸ்மார்ட் சாவி. சாவி வீட்டுக்குள்ளை இருக்கேக்கையே சிக்னலை இழுத்துக் காரைத் திறக்கலாம் எண்டு சொல்லினம். என்ன செய்யலாம்?

பதில்: அந்த முறை உண்மைதான் தம்பி. ஒருவர் கார்க் கதவருகே, மற்றவர் வீட்டுச் சுவரருகே. இரண்டு கருவிகளும் காருக்கும் சாவிக்கும் நடுவே சிக்னலைக் கடத்தும். கார் சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிவிடும். ரோலிங் கோட் இருந்தாலும் இங்கே உதவாது, ஏனென்றால் பேசுவது உண்மையான சாவிதான்.

காசு செலவில்லாத வழி ஒன்று டொயோட்டாவிலேயே உண்டு. சாவியில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு தரம் அழுத்துங்கள். சாவியின் விளக்கு நாலு தரம் மின்னினால், பேட்டரி சேமிப்பு நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் சாவி தானாகக் காருக்குப் பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் பழையபடி வேலை செய்யும்.

சிக்னல் தடுக்கும் பை வாங்கினால், சாவியைப் பைக்குள் போட்டுக் கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்தப் பை வீண். நல்ல பையும் மடிப்பில் கிழிந்து போகும், மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டாவது சாவியை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: அலாரத்துக்குப் பதிலாக ஜிபிஎஸ் டிராக்கர் மட்டும் போதுமா?

பதில்: டிராக்கர் திருட்டைத் தடுக்காது, போன வண்டியைத் தேட உதவும். இரண்டும் வேறு வேறு வேலை. வாங்கினால் உள்ளே பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். ஓபிடியில் செருகும் வகையைத் திருடன் முதல் நிமிடத்திலேயே பிடுங்கிவிடுவான். டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், மேலே இரும்பு மறைக்காத இடத்தில், ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்க வையுங்கள். ஃபியூஸ் இல்லாமல் இணைக்கவே கூடாது.

கைப்பேசியில் இருந்து இன்ஜினை நிறுத்தும் வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். ஓடும் வண்டியில் அதைத் தொடாதீர்கள். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். ரோட்டில் போகிறவர் யாராவது உயிரை விடுவார். வண்டி நின்றபின் மட்டும் கட் ஆகும்படி அமைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2022 ஜூலையில் மைக்கோடஸ் எம்வி720 என்ற டிராக்கரில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாக அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. எரிபொருளைத் துண்டிக்கக்கூடிய கருவி அது, பெட்டியில் இருந்து வந்தபோது அதன் பாஸ்வேர்டு 123456.

கேள்வி: வேலைக்காக இரண்டு மாதம் துபாய் போகிறேன். அலாரம் போட்ட காரை அப்படியே விட்டுப் போகலாமா? பேட்டரி 45 ஆம்பியர் அவர்.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் சொந்த இழுவை சுமார் 30 மில்லி ஆம்பியர், அலாரம் 20 என்று வைத்தால் மொத்தம் 50. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். பேட்டரியில் பாதி தீர 18, 19 நாள் போதும். இரண்டு மாதத்தில் பேட்டரி செத்தே போகும், அலாரமும் ஊமையாகும். நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஆனால் பேட்டரி உள்ள சைரன் என்றால் முதலில் அதன் சின்னச் சாவியால் அணைக்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிய அடுத்த நொடியே அலறும். கியர் லாக் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அலாரம் போட்டால் இன்சூரன்ஸ் குறையுமா?

பதில்: இந்தியாவில் ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கருவியாக இருந்து, பொருத்தியதற்குச் சான்றும் இருந்தால், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அதற்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் பத்திரமாக வைத்திருப்பதுதான் முக்கியம். வண்டி திருடு போனால் இரண்டையும் கேட்பார்கள், ஒன்று இல்லையென்றால் கேள்வி மேல் கேள்வி வரும். உடனே எஃப்ஐஆர் போடுங்கள், அன்றே கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: நாளைக்குக் கடையில் போடுகிறேன். பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் அண்ணா?

பதில்: டேஷ்போர்டை மூடும் முன்பே போய் நில்லுங்கள். ஜாயின்ட்கள் ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டிருக்க வேண்டும், அல்லது சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப். முறுக்கிவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் அந்தப் பசை உருகிக் கழன்றுவிடும். பேட்டரியில் இருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அலாரத்தால் கார் எரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு ஃபியூஸைத் தவறவிட்டதுதான். பாக்ஸ் கால் பக்கம் தொங்காமல், கை எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். சைரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் தண்ணீர் தேங்காது, அதன் வயரைக் கீழிருந்து கை விட்டு அறுக்க முடியாதபடி மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

மூடியபின் கண்ணாடிகளை இறக்கி லாக் செய்து, கையை உள்ளே விட்டு ஒவ்வொரு கதவையும் திறந்து தனித்தனியாக அடிக்கிறதா பாருங்கள், பின் கதவுகளையும் விடாதீர்கள். லாக்கில் இருக்கும்போது சாவி போட்டுத் திருப்புங்கள், ஸ்டார்ட் ஆகக் கூடாது. பிறகு ரிமோட் தொலைந்தால் அலாரத்தை அணைக்கும் மறைவு சுவிட்ச் எங்கே என்று கேட்டு, நீங்களே ஒருமுறை அழுத்தி, வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். அந்த இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள்.