போட்டோவை வாட்டர்கலர் ஆக்குவது எப்படி? கேள்வி பதில்

கே: சார், போட்டோஷாப்பில் வாட்டர்கலர் என்றே ஒரு பில்டர் இருக்கிறது. போட்டால் படம் கறுத்துப்போய் அழுக்குத் துணி மாதிரி வருகிறதே?

ப: அதன் குணமே அப்படி. நிழலை இன்னும் இருட்டாக்கும். ஷேடோ இன்டென்சிட்டியை (நிழலின் அடர்த்தியை) 0-வில் வைத்தாலும் முழுசாகப் போகாது. பில்டருக்கு முன்பே ஷேடோஸ்/ஹைலைட்ஸ் என்ற வசதி வழியாக நிழலை வெளுக்க வைத்துவிடுங்கள். கையால் வரைகிறவர்கள் பலர் கறுப்பு பெயின்ட் டியூபைத் திறப்பதே இல்லை. நீலத்தையும் பழுப்பையும் கலந்துதான் நிழல் போடுவார்கள்.

கே: எனக்கு அந்த பில்டர் இருக்கும் பில்டர் கேலரியே மங்கலாக இருக்கிறது. கிளிக் ஆகவில்லை.

ப: படம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிற முறை) என்பதிலோ 16 பிட்டிலோ இருக்கும். இமேஜ் மெனுவில் மோட் போய் ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை), 8 பிட் ஆக்குங்கள்.

கே: அண்ணா, ஒரு வீடியோவில் சொன்ன அதே எண்களைத்தான் போட்டேன். என் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

ப: கேமராவிலிருந்து வந்த 6000×4000 படத்தில் நேரே போட்டிருப்பீர்கள். பில்டருக்குத் தெரிந்தது பிக்சல் கணக்கு மட்டும். 1500 பிக்சல் படத்தில் பட்டையாகத் தெரியும் தீற்றல், 6000-இல் தூசி. சிறிதாக்கி பில்டர் போட்டு, அப்புறம் பெரிதாக்குங்கள். வாட்டர்கலர் எப்படியும் மழுங்கலானதுதான், கெட்டுப்போகாது. பென்சில் கோட்டையும் தாளின் சொரசொரப்பையும் மட்டும் பெரிதாக்கிய பிறகு சேருங்கள்.

கே: பாட்டியின் போட்டோவை சதாபிஷேகத்துக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். முகம் மாறக் கூடாது, ஆனால் வரைந்த மாதிரி இருக்க வேண்டும்.

ப: அப்படியென்றால் ஒரே பில்டரை நம்பாதீர்கள். படத்தை மூன்று நகல் எடுங்கள். அடியில் வெள்ளை லேயர் ஒன்று, அதுதான் தாள்.

முதல் நகலில் மீடியன் (நுணுக்கங்களை அழித்து நிறத்தைத் திட்டாக்கும் பில்டர்) போட்டுக் கரையுங்கள். புடவைச் சரிகையின் இழையெல்லாம் போய் மஞ்சள் பட்டையாக நின்றால் போதும், அளவு சரி. இரண்டாவது நகலிலும் மீடியன்தான், பாதிக்கும் குறைவாக. அதில் மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தை மறைத்து, வெள்ளை பூசிய இடத்தைக் காட்டும் திரை) போட்டுக் கண், மூக்குத்தி, உதடு மட்டும் தெரிய விடுங்கள். பாட்டி பாட்டியாகத் தெரிவது அந்த மூன்று இடத்தில்தான். கன்னத்துச் சுருக்கத்தைத் தேடிப் போகாதீர்கள். மூன்றாவதில் பைண்ட் எட்ஜஸ் (விளிம்புகளைக் கோடாக்கும் பில்டர்) போட்டு, கறுப்பு வெள்ளையாக்கி, லேயரின் பிளெண்ட் மோடை மல்டிப்ளை (வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும்) ஆக்குங்கள். ஒபாசிட்டி, அதாவது லேயரின் அடர்த்தி, 30 சதவீதம். பென்சில் கோடு வந்துவிடும்.

இனிதான் முக்கிய வேலை. மூன்றையும் ஒரே குரூப்பில் போட்டுக் கறுப்பு மாஸ்க்கால் மறையுங்கள். வெள்ளை நிறத்தில், விளிம்பு பிசிறான பெரிய பிரஷ்ஷால் முகத்திலிருந்து வெளியே தீற்றிக்கொண்டே வாருங்கள். தோளைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். ஆரம்பத்தில் ஒரு கல்யாணப் படத்தை நான் மூலைவரை நிரப்பிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, “போட்டோ மேல தண்ணி கொட்டிடுச்சா தம்பி?” என்றார்.

கே: போட்டோஷாப் வாங்க வசதியில்லை. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நடக்குமா?

ப: தாராளமாக. மீடியன் பிளர், லேயர் மாஸ்க் எல்லாம் உண்டு. பைண்ட் எட்ஜஸுக்குப் பதிலான எட்ஜ் டிடெக்ட் மட்டும் கறுப்பில் வெளிச்சக் கோடாக வரும், இன்வர்ட் செய்து நிறத்தைத் தலைகீழாக்குங்கள். தீற்றலுக்கு கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் நல்ல வாட்டர்கலர் பிரஷ்கள் இருக்கின்றன, அதுவும் இலவசம்.

கே: போன் ஆப்பில் ஒரு தட்டில் வந்துவிடுகிறதே?

ப: இயற்கைக் காட்சிக்குச் சரி. சில ஆப்கள் முகத்தைப் புதிதாகவே வரைந்துவிடும், பாட்டிக்கு வேறு யாரோ முகம் வந்து உட்காரும்.

கே: பிரேம் போடப் பிரிண்ட் எடுக்க என்ன அளவு?

ப: ஏ4 என்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480×3508 பிக்சல். பளபளக்கும் தாள் வேண்டாம், மேட் கேளுங்கள். கடையில் சொரசொரப்பான ஆர்ட் பேப்பர் கிடைத்தால், நீங்கள் சேர்த்த தாள் டெக்ஸ்சரை அணைத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.