மேசைக்கடியில் ஒளிந்தவர்

கேள்வி: பழைய மாளிகையில், பார்வையாளர்களை அறை அறையாக அழைத்துப்போய் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘தார்த்யூஃப்’ நாடகம் போடுகிறோம். போலி பக்திமான் தார்த்யூஃப் தன்னிடம் வழிவதைக் கணவன் காதாலேயே கேட்கட்டும் என்று எல்மீர் அவரை மேசைக்கடியில் ஒளித்துவைக்கும் காட்சிக்குச் சிரிப்பே எழவில்லையே?

பதில்: கணவன் ஒர்கோன் மேசைக்கடியில் புகுவதைப் பாதிப்பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள், முந்தைய அறையிலிருந்து வந்துகொண்டிருப்பார்கள். அவர் ஒளிந்தது தெரியாதவருக்கு கணவனுக்குச் சைகையாக எல்மீர் இருமுவது வெறும் இருமல்தான். கடைசி ஆள் உள்ளே வந்து கதவு சாத்தும்வரை எல்மீர் மேசைவிரிப்பை நீவிக்கொண்டிருக்கட்டும், அப்புறம் ஒர்கோன் ஒளியட்டும். விரிப்பு, தார்த்யூஃப் வரும் பக்கம் தரையைத் தொடவேண்டும். பார்வையாளர் பக்கம் ஒரு சாண் தூக்கலாக இருந்தால் ஒர்கோனின் விரல்கள் தவிப்பது தெரியும். நான்கு பக்கமும் ஆட்களை நிறுத்தாதீர்கள், இரண்டு போதும். ஒரு தடவைக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். முன்வரிசையைத் தரையில் உட்காரவையுங்கள். மெழுகுவத்தியா? பேட்டரியில் எரிவதே போதும். பழைய மரத்தளத்தில் நெருப்போடு விளையாட்டு எதற்கு!