பொய்க்கணக்கும் பருத்தித் துணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரான் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அணு ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பது வெறும் சடங்கு என்றே எனக்குப் படுகிறது. சொல்லிவிட்டுத்தானே வருகிறார்கள்? மறைக்க நினைப்பவன் அதற்குள் மறைத்துவிட மாட்டானா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

பொருளை மறைத்துவிடலாம். தூசியை மறைப்பதுதான் பெரும்பாடு.

ஆய்வாளர் வேலையில் பெரும்பகுதி தணிக்கைதான். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில் 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர்செறிவு யுரேனியத்தில் (யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டியது) 25 கிலோ யுரேனியம்-235, ஒரு குண்டுக்குப் போதும். அவ்வளவு காணாமல் போனால் காலத்தோடு தெரிந்தாக வேண்டும். அதனால் எடை போடுகிறார்கள், காமிரா வைக்கிறார்கள், சீல் வைக்கிறார்கள். சீல்களில் ஒரு வகை நாணயம் போன்ற ஓர் உலோக மூடி. அதன் உட்புறக் கீறல்களை முன்பே படமெடுத்திருப்பார்கள். கழற்றியதும் வியன்னாவில் வைத்துக் கீறலோடு கீறலை ஒப்பிடுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூடங்குளம் உலைகளும் முகமையின் கண்காணிப்பில் உள்ளவைதான். கல்பாக்கத்தில் உள்ளவை அதில் சேராது.

இதெல்லாம் ஒரு நாடு தானே காட்டிய சரக்குக்கு. 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் தெரியவந்தது வேறு: முகமையின் ஆட்கள் முறையாகப் போய்வந்த துவைத்தா அணு ஆய்வு வளாகத்திலேயே, அவர்கள் நுழையாத கட்டடங்களில் ரகசிய வேலை நடந்திருந்தது. அதன் பிறகுதான் துடைப்பு மாதிரி, அதாவது துணியால் துடைத்துத் தூசியை எடுத்துச் சோதிப்பது, வழக்கமான முறையானது.

பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பருத்தித் துணி, தூசியற்ற அறையில் தயாரித்தது. ஒருவர் கையுறையோடு சுவரையோ குழாயையோ துடைப்பார், இன்னொருவர் பையைப் பிடித்துக் குறிப்பெழுதுவார். துடைத்த கை வேறெதையும் தொடக்கூடாது. போன வாரம் இன்னொரு நாட்டில் ஒட்டிய துகள் இங்கே வந்துவிட்டால் வம்பு. ஆய்வகத்துக்குப் போவது குறியீட்டு எண் மட்டும், நாட்டின் பெயர் போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரே துகளிலிருந்து செறிவைச் சொல்லிவிட முடியும்.

வடகொரியா 1992இல் மாட்டியதும் இப்படித்தான். 1990இல் ஒரே ஒரு முறை, உலையில் பயன்படுத்திய எரிபொருளிலிருந்து ஏறத்தாழ 90 கிராம் புளூட்டோனியம் பிரித்தோம் என்றது. பிரிக்கும்போது அமெரிசியம் என்ற தனிமம் கழிந்துவிடும். பிறகு புளூட்டோனியம்-241 சுமார் 14 ஆண்டு அரை ஆயுளோடு சிதைந்து அமெரிசியமாக மீண்டும் சேரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் பிரித்த ஆண்டு தெரியும். ஒரே தடவை என்றால் ஒரே வயதுதானே வரவேண்டும்? மூன்று வந்தன.

துணியும் ஏமாற்றும். 2003இல் ஈரானின் நதான்ஸ் செறிவூட்டும் ஆலையில் உயர்செறிவு யுரேனியத் துகள்கள் கிடைத்தன. வெளியிலிருந்து வாங்கிய பழைய உதிரிபாகங்களில் ஒட்டி வந்தது என்றது ஈரான். பாகிஸ்தானிலிருந்து பாகங்களை வரவழைத்து ஒப்பிட்டபோது அந்த விளக்கம் பெருமளவு பொருந்தியது. துகள் ‘என்ன’ என்று சொல்லும், ‘யாருடையது’ என்று தானாகச் சொல்லாது.

முன்னறிவிப்பு பற்றிக் கேட்டீர்கள். முகமைக்குக் கூடுதல் இடங்களைத் திறந்துவிடும் ‘கூடுதல் நெறிமுறை’ ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள நாட்டுக்கு அது 24 மணி நேரம். ஆய்வாளர் ஏற்கெனவே வளாகத்துக்குள் இருந்தால் இரண்டே மணி நேரம். அதற்குள் சுவரைக் கழுவலாம், வெள்ளையடிக்கலாம். எல்லா மூலையையும் கழுவ முடியாது.

ஆனால் உள்ளே விட்டால்தானே துணி? ஈரான் 2021 பிப்ரவரியில் கூடுதல் நெறிமுறையை நிறுத்தியது, 2022 ஜூனில் 27 காமிராக்களைக் கழற்றியது. விடுபட்ட மாதங்களைப் பின்னால் யாராலும் நிரப்ப முடியாது. 2025 ஜூனில் ஈரான் மீது இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கியபோது அங்கே 60 சதவீதச் செறிவில் 440.9 கிலோ யுரேனியம் இருந்தது என்பது முகமையின் மதிப்பீடு. அது எங்கே, எந்த நிலையில் என்பதைக் கிட்டேபோய்ப் பார்க்கும் வழி அத்தோடு அடைபட்டது.

ஆகவே உங்கள் கோபம் ஆளை மாற்றிப் பிடிக்கிறது. வடகொரியாவின் கணக்குப் பொய் என்று ஆய்வாளர்கள் சொன்னது 1992இல். அவர்களை வெளியேற்றியது 2002 டிசம்பரில். முதல் குண்டு வெடித்தது 2006 அக்டோபரில். இடையில் போன 14 ஆண்டுக்குத் துணி பிடித்தவர்களிடம் கணக்குக் கேட்பது நியாயமா?