மோதிரத்துக்குள் நுழைந்த சால்வை அசல்தானா?

கேள்வி: மணாலியில் டாக்ஸி டிரைவர் கூட்டிப்போன கடையில் 'கைத்தறி குலு பஷ்மினா' என்று 2,800 ரூபாய்க்கு சால்வை வாங்கினேன். மோதிரத்துக்குள் நுழைத்தார்கள், ஒரு நூலைக் கொளுத்தியும் காட்டினார்கள். ஊருக்கு வந்தால் அண்ணி, இது மிஷினில் நெய்தது என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த மோதிரத்தை மறந்துவிடுங்கள். மெல்லிசான எந்தத் துணியும் மோதிரத்துக்குள் போகும், விஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணியும் போகும். நூலைக் கொளுத்தும்போது முடி கருகும் வாசனை வந்தால் அது கம்பளியோ பட்டோ, அவ்வளவுதான். எந்த ஆட்டின் முடி, எந்தத் தறியில் நெய்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங்கில் 4,000 மீட்டருக்கு மேல் மேய்கிற ஆடுகளைச் சீவி எடுக்கும் அடிமுடி. 2,800 ரூபாய்க்கு அதில் முழுச் சால்வை வராது. ஆக, கைத்தறியா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி.

சால்வையைத் திருப்பிப் போட்டு, கரையில் உள்ள பூவேலையைப் பாருங்கள். குலு (மணாலி இருக்கும் மாவட்டம்) நெசவாளர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சின்ன நூல்கண்டு வைத்து, விரலால் பாவுக்குள் (தறியில் நீளவாட்டில் கட்டிய நூல்களுக்குள்) செருகி, அந்த நிறம் முடிகிற இடத்திலேயே நூலைத் திருப்பிவிடுவார். அதனால் பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும். விசைத்தறி ஜக்கார்டில் (பூவேலையை மிஷினே போடும் தறியில்) நிற நூல் கரை முழுக்க ஓடும், பூ இல்லாத இடத்தில் பின்னால் தொங்கும், இல்லையென்றால் கத்தரித்த நுனிகள் வரிசையாகப் பிசிறு பிசிறாக நிற்கும். உங்கள் அண்ணி இதைத்தான் பார்த்திருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நூல் மில்லில் நூற்றது என்று யாராவது சொன்னால், உடனே சால்வை போலி என்று முடிவுகட்ட வேண்டாம். இன்றைய குலு சால்வைகளில் மில்லில் நூற்ற மெரினோ ஆட்டுக் கம்பளி நூல் சகஜம், பூவுக்கு அக்ரிலிக் நூல்கூடப் போடுகிறார்கள். அதனால் பூ நூலைக் கொளுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி உருகலாம், அப்போதும் சால்வை கையால் நெய்ததாகவே இருக்கலாம். கைத்தறி என்ற பெயர் நெசவுக்குத்தான், நூற்புக்கு இல்லை. காஷ்மீர் பஷ்மினா கதை வேறு: புவிசார் குறியீட்டு முத்திரை வேண்டுமென்றால் அங்கே நூற்பும் கையால்தான் நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பித்தான் கடைக்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள்.

அப்புறம் டாக்ஸி டிரைவர். அவர் காட்டுகிற 'ஃபாக்டரி ஷோரூம்' பக்கமே போகாதீர்கள், அவருடைய கமிஷனும் சேர்ந்ததுதான் உங்கள் பில். குலுவில் புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944இலிருந்து இருக்கிறது. அது போன்ற சங்கத்துக் கடையில் வாங்கலாம். குலுப் பெண்கள் போர்த்தி வெள்ளி ஊசி குத்திக்கொள்ளும் பட்டூவும் (நம்ம ஊர்ப் பட்டு இல்லை, கம்பளி), விருந்தாளிக்குத் தொப்பியோடு போர்த்துகிற சால்வையும் அந்தத் தறிகளிலிருந்து வருபவை. அந்த மரியாதையை விசைத்தறி நகலில் செய்வது எனக்கு வயிற்றெரிச்சல்.

சட்டம் இல்லாமல் இல்லை. சில துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கும் 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் சால்வைகளும் உண்டு. மீறினால் தண்டனையும் உண்டு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மணாலிக் கடைத்தெருவான மால் ரோடு முழுக்க நகல் குவிந்து கிடக்கிறது என்றால், அதைப் பிடிக்க வேண்டியவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பணத்துக்கு வருவோம். பில்லில் 'கைத்தறி' அல்லது 'பஷ்மினா' என்று எழுதியிருக்கிறதா? இருந்தால், பின்பக்கத்தைக் கிட்டத்திலிருந்து போட்டோ எடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், அப்புறம் நுகர்வோர் ஆணையம். வழக்கை உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், குலு வரை அலைய வேண்டாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். பில்லில் வெறுமனே 'சால்வை 1' என்று இருந்தால் வழக்கு பலவீனம்தான். அடுத்த முறை பணம் கொடுக்கும் முன்பே அந்த வார்த்தையை எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.