வீட்டுக்கு சோலார் பேனலை லீஸில் எடுப்பது நல்லதா, கடன் வாங்கிச் சொந்தமாகப் போடுவது நல்லதா?

"முன்பணமே வேண்டாம், மாதத் தவணையும் இப்போதைய கரண்ட் பில்லை விடக் குறைவு என்கிறார்கள். அப்படியானால் லீஸ்தானே நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றும் நம்புகிறேன்.

லீஸ் என்றால் கூரையில் இருக்கும் பேனல் கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் மாதத் தவணை கட்டி அதன் மின்சாரத்தை எடுத்துக்கொள்வீர்கள். என் பதில் இதுதான். அடுத்த 20, 25 வருடமும் இதே வீட்டில்தான் இருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் லீஸ் பக்கமே போக வேண்டாம். நியாயமான வட்டியில் கடன் கிடைக்கிறது என்றால் கடனை வாங்கிச் சொந்தமாகப் போடுங்கள். லீஸில் போட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். யாருக்கு லீஸ் பொருந்தும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்கா வீடு. அத்தான் லீஸில்தான் போட்டார். சில வருடம் நன்றாகவே ஓடியது, அதை மறைக்க மாட்டேன். நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர், அதாவது பேனலிலிருந்து வருவதை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் பெட்டி, நின்றுபோனபோது கம்பெனி ஆள் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், காசு கேட்கவில்லை. அதன்பிறகு அத்தானுக்கு வேலை மாற்றம் வந்தது, வீட்டை விற்க வேண்டிய நிலை. வாங்க வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. ஆவணங்களைச் சரிபார்க்கும் கட்டத்தில்தான் கூரை மேல் இருப்பது அக்காவுக்குச் சொந்தமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. "உங்க பேனலுக்கு மிச்ச வருஷமெல்லாம் நாங்க ஏன் தவணை கட்டணும்? புதுசா போட்டாலே இதைவிடக் குறைச்சலா முடியுமே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பேனல் விலை பல வருடங்களாக மொத்தத்தில் இறங்கித்தான் வந்திருக்கிறது, லீஸ் தவணையோ பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும்.

ஒப்பந்தத்தைப் புரட்டினால் வழி இரண்டுதான் இருந்தது. ஒன்று, வாங்குகிறவர் லீஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் அவர் கடன் தகுதியைக் கம்பெனி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டு, விற்கிறவர் மொத்தத்தையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், விலையைக் கணக்கிடுவது கம்பெனி. "கழற்றி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லக்கூட அத்தானுக்கு உரிமை கிடையாது, காலம் முடியும்வரை அது அங்கேயேதான் இருக்க வேண்டும். கடைசியில் வீடு விற்ற பணத்திலிருந்து ஒரு பெரிய தொகையைக் கட்டிப் பேனலை வாங்கி, வாங்கின கையோடு அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து வந்தார்கள். அன்று இரவு அக்கா போனில் சொன்னாள்: "பணம் போனதுகூடப் பரவாயில்லடீ. நம்ம வீட்டை விக்க இன்னொருத்தன் சரின்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு நின்னோமே, அதுதான் தாங்கலை."

எங்கள் வீட்டுக்குப் பேச வந்தவர் டேப்லெட்டில் நேராகக் கையெழுத்துப் பக்கத்தைத்தான் திறந்து நீட்டினார். முழு ஒப்பந்தத்தையும் தாளில் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் வழக்கமான வாசகங்கள்தான்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கேட்டது நான். தவணையில் ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம் என்று கேட்டதும் நான்தான், அதற்கும் பதில் அவரைப் பார்த்துத்தான் வந்தது. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான், எங்கள் வீட்டு வரவு செலவு முழுக்க என் கையில். ஆனாலும் வண்டி வாங்கப் போனாலும் சரி, காப்பீடு எடுக்கப் போனாலும் சரி, போனை எடுத்தவுடன் "சார் இருக்காரா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பணம் என்று வந்தால் பெண்ணிடம் பேசக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைப் படிக்கும் விற்பனைக்காரர் யாராவது இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளட்டும். என் கணவர் "கேக்கறது அவங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்ற பிறகுதான் தாள் என் கைக்கு வந்தது.

அந்தத் தாளில் ஆண்டு உயர்வு 2.9 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். போட்டுப் பாருங்கள். முதல் வருட மாதத் தவணை 100 என்று வைத்துக்கொண்டால், 25-ஆவது வருடத்தில் அது கிட்டத்தட்ட 199. மொத்தமாகக் கூட்டினால் முதல் வருடத் தொகையை 36 வருடம் கட்டியதற்குச் சமம், ஒப்பந்தமோ 25 வருடத்துக்கு. இன்னொரு பக்கம் பேனலின் உற்பத்தி வருடத்துக்குச் சுமார் அரை சதவீதம் குறையும், அது எந்தப் பேனலுக்கும் இயல்பு. அப்படியானால் 25-ஆவது வருடத்தில் முதல் வருட உற்பத்தியில் 89 சதவீதம் போலத்தான் வரும். தவணை இரட்டிப்பு, மின்சாரம் குறைவு. ஒரு யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பது 2.2 மடங்கைத் தாண்டிவிடும். "கரண்ட் கட்டணமும்தானே ஏறும்?" என்பார்கள். ஏறலாம். ஆனால் எவ்வளவு ஏறும் என்பது அவர் ஊகம், 2.9 என்பது உங்கள் கையெழுத்து.

அரசு விதியும் உங்களைக் கேட்டுக்கொண்டு மாறாது. 2023 ஏப்ரலில் கலிபோர்னியாவில் புதிதாக இணைப்பு கேட்பவர்களுக்கு, வீட்டிலிருந்து மின்கட்டமைப்புக்கு அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். அப்படி ஒன்று பழைய இணைப்புகளுக்கும் ஒருநாள் வந்தால், சொந்தப் பேனல்காரர் பேட்டரி வைத்துப் பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். லீஸ்காரர் அதற்கும் கம்பெனியைக் கேட்க வேண்டும்.

கம்பெனி இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் பெரிய சோலார் கம்பெனிகளில் ஒன்றான சன்பவர் 2024 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதேபோன்ற இன்னொரு கம்பெனி சன்நோவா 2025 ஜூனில் போனது. சாதாரணப் பெயர்களா இவை? கம்பெனி விழுந்தால் லீஸ் ரத்தாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தவணையை வசூலிக்கும் உரிமை ஒரு சொத்து, அதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார், பணம் கேட்டுக் கடிதம் தவறாமல் வரும். பழுது பார்க்க ஆள் வருவாரா என்பதுதான் சந்தேகம்.

சரி, கடன் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பீர்கள். அதிலும் பொறி உண்டு. வட்டி ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவுக்கான பணம் "டீலர் கட்டணம்" என்று அசலிலேயே சேர்ந்திருக்கலாம். அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையமே 2024-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அதனால் முதலில் "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று எழுத்தில் வாங்குங்கள், பிறகு கடன் விலையைப் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி எவ்வளவோ அவ்வளவும் வட்டிதான், வேறு பெயரில். நாங்கள் பேனல் போட்டவரிடமே கடன் வாங்கவில்லை. ரொக்க விலையைப் பேசி முடித்துவிட்டு, கடனை வங்கியில் தனியாக எடுத்தோம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்ற வரியைப் பார்த்த பிறகே. தவணை லீஸை விட அதிகம்தான், முதல் சில வருடம் கை கடித்தது. ஆனால் அந்தத் தொகை ஏறாது, பத்து வருடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பேனல் ஓடும், பெரும்பாலானவற்றுக்கு உற்பத்தி உத்தரவாதமே 25 வருடம்.

இன்வெர்ட்டருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், அது 10 முதல் 15 வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு நம்முடையது, அத்தானுக்குக் கிடைத்த இலவச மாற்று நமக்குக் கிடையாது. அதேபோல கூரை பழையது என்றால் முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள். மேலே பேனல் ஏறிவிட்ட பிறகு கூரையில் கை வைக்க வேண்டுமானால் கழற்றி மாட்டும் செலவு தனி. லீஸாக இருந்தால் அதைக் கம்பெனி ஆள்தான் செய்ய வேண்டும், அவர் சொன்ன தேதியில், அவர் சொன்ன கூலிக்கு.

இப்போது லீஸ் யாருக்கு? கடன் கிடைக்காதவர்களுக்கு, கிடைத்தாலும் வட்டி கழுத்தை நெரிக்கும் அளவுக்கு இருப்பவர்களுக்கு, வயதான காலத்தில் பராமரிப்புத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு. வரிச் சலுகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் சொந்தமாகப் போடுகிறவருக்கு இருந்த 30 சதவீத வரிக் கழிவு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது, கம்பெனிக்கான சலுகை அதோடு நிற்கவில்லை. அதனால் அங்கே கணக்கு லீஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இந்தியாவில் வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம், சொந்தமாகப் போட்டால் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கம்பெனிக்குச் சலுகை போகும் இடத்தில் இருந்தால் "அதில் எனக்கு எவ்வளவு இறக்கித் தருவீர்கள்?" என்று கேட்டு வாங்குங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

லீஸ்தான் என்று முடிவே செய்துவிட்டீர்கள் என்றால் ஆண்டு உயர்வு பூஜ்யம் உள்ள திட்டத்தைக் கேளுங்கள், அப்படியும் இருக்கிறது, ஆரம்பத் தவணை சற்றுக் கூடும். உற்பத்தி குறைந்தால் யூனிட்டுக்கு என்ன நஷ்டஈடு என்பது எண்ணாக எழுதியிருக்க வேண்டும். இடையில் வாங்க நினைத்தால் வருட வாரியாக என்ன விலை என்ற பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். "அப்போதைய சந்தை மதிப்பு" என்று மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அக்காவின் தாளில் இருந்தது அந்த ஒரு வரிதான், மதிப்பை யார் போடுவது, எப்படிப் போடுவது என்று ஒரு வார்த்தை இல்லை.

தாள் கையில் இருந்தால், பெயர், முகவரி, கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வீட்டை விற்பது பற்றிய பகுதியையும் ஆண்டு உயர்வுப் பகுதியையும் கீழே பதிவிடுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.