டம்பெல், கெட்டில்பெல் வைக்க மரத்துல ஸ்டாண்ட் நாமளே செஞ்சா வெயிட் தாங்குமா?

தாராளமா தாங்கும், ஆனா மரம் வாங்குறதுக்கு முன்னாடி மொத்த வெயிட்டை ஒரு தடவ கூட்டிப் பாருங்க. 5, 7.5, 10, 12.5, 15 கிலோ டம்பெல் ஜோடி ஜோடியா வெச்சாலே 100 கிலோ ஆயிடுது, அதனால புக் ஷெல்ஃப் மாதிரி நெனச்சு செஞ்சா நடுவுல தொங்கிடும்.

இதுல முக்கியமே பலகையோட நீளம்தான், பலகையை தாங்குற ரெண்டு காலுக்கு நடுவுல இருக்குற தூரத்தை பாதியா குறைச்சா அதே வெயிட்டுக்கு வளையுறது எட்டுல ஒரு பங்காயிடும், அதனால 4 அடி ஸ்டாண்டுன்னா நடுவுல கண்டிப்பா ஒரு கால் குடுத்துடுங்க. 18 மி.மீ பிளைவுட் போதும், ரெண்டு ஷீட்டை க்ளூ போட்டு ஒட்டினா இன்னும் நல்லது. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை பசை போட்டு அழுத்தி செஞ்ச பலகை) மட்டும் வேணவே வேணாம், ஸ்க்ரூ பிடிக்காம பிச்சுக்கிட்டு வந்துடும்.

அப்புறம் பலகையை வெறும் ஸ்க்ரூவை நம்பி தொங்கவிடாதீங்க, அடியில ஒரு கட்டை குடுத்து அது மேல உக்கார வைங்க, வெயிட் நேரா கட்டைக்கு போயிடும். பின்னாடி முழுசா ஒரு ஷீட் அடிச்சா பக்கவாட்டுல ஆடாது. முன்னாடி டம்பெல் உருளாம இருக்க ஒரு ரீப்பர், அதாவது மெல்லிசான மரச்சட்டம், அடிச்சுடுங்க.

கனமானது எல்லாம் கீழ் தட்டுல. குழந்தைங்க இருக்குற வீடுன்னா சுவத்தோட சேத்து போல்ட் பண்ணாம விடாதீங்க, ப்ளீஸ்.